அம்மாவுக்குக் கண் டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனால் எதிரில் இருப்பது தெரியவில்லை. பிசிஏ என்கிறார்கள், வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

தென்காசி மலர்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 59 வயது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தையல் வேலை, எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை அம்மா தைத்ததுதான். போன வருஷம் "கண்ணு சரியாத் தெரியல" என்று சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடி மாற்றினோம். வேறு இடத்தில் காட்டி மறுபடியும் மாற்றினோம். லேசாகப் புரை இருக்கிறது, எடுத்துவிட்டால் தெளிவாகிவிடும் என்றார்கள், அந்த ஆபரேஷனும் ஆயிற்று. இப்போது ஆஸ்பத்திரி போர்டில் எழுத்து எழுத்தாகக் காட்டினால் கடைசி வரி வரைக்கும் சொல்லிவிடுகிறாள். ஆனால் வீட்டில், மேடையில் நேர் எதிரே இருக்கும் குக்கர் தெரியவில்லை. "எங்கடி வச்ச" என்று கேட்டுக்கொண்டே அதன் மேலேயே கையை வைக்கிறாள். அதே அம்மா தரையில் கிடக்கும் குண்டூசியைக் குனிந்து எடுத்துத் தருகிறாள். இதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் சிலர் "வேணும்னே பண்றா" என்கிறார்கள்.

பேப்பர் படிக்கும்போது ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுகிறாள். ரவிக்கையில் எது கை எது கழுத்து என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறாள், தையல்காரிக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மார்கழியில் புள்ளி வைத்தாள், இழுக்கத் தெரியவில்லை, உள்ளே வந்து படுத்துவிட்டாள். மொசைக் தரையில் இருக்கும் கறுப்புக் கோட்டைக் காலைத் தூக்கித் தாண்டுகிறாள்.

ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் என்ன மொய் வைத்தார்கள் என்பது வரைக்கும் சொல்வாள். அதனால் நரம்பு டாக்டர் எம்ஆர்ஐ பார்த்துவிட்டு "இது பிசிஏ மாதிரி இருக்கிறது, டிமென்ஷியாவில் ஒரு வகை" என்றபோது எங்களுக்கு நம்பவே முடியவில்லை. ஞாபகம் இவ்வளவு தெளிவாக இருக்கிறவளுக்கு மறதி நோய் எப்படி வரும்? அதைவிட, வீட்டில் தினப்படி என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், பேச அவருக்கு நேரமில்லை. தையல் மெஷினை என்ன செய்ய? அவளிடம் விஷயத்தைச் சொல்லலாமா, வேண்டாமா?

---

கோவை வாசன்

அம்மா மலர், என் மனைவிக்கும் இதே பிசிஏதான். அவள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். முதலில் போனது கணக்குதான், கரும்பலகையில் எழுதிய எண்களை நேராக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க முடியாமல் போனது. நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே என் வீட்டிலும் பார்த்திருக்கிறேன், குண்டூசி உட்பட. அதற்கு ஒரு காரணம் உண்டு. இவர்களால் ஒரே நேரத்தில் பார்வையில் ஒரு சின்ன இடத்தை மட்டுமே பிடிக்க முடிகிறது. சின்னப் பொருள் அந்த இடத்துக்குள் முழுசாக அடங்கிவிடும். குக்கர் அடங்காது, சுற்றிலும் கிண்ணமும் கரண்டியும் வேறு கிடந்தால் எது எதோடு சேர்ந்தது என்றே பிரிக்க முடியாது. பெரிய எழுத்தைவிடச் சின்ன எழுத்தைச் சுலபமாகப் படிக்கிறவர்களும் உண்டு. ஆகவே "வேணும்னே பண்றா" என்கிற சொந்தக்காரர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள், இது நோயின் அடையாளமே.

ஞாபகம் நன்றாக இருக்கிறதே என்று கேட்டீர்கள். அல்சைமர் பெரும்பாலும் ஞாபகத்தைப் பார்த்துக்கொள்கிற பகுதியில் ஆரம்பிக்கும். அதே நோய் சிலருக்கு மூளையின் பின்பக்கத்தில், பார்த்ததைச் சேர்த்துப் புரிந்துகொள்கிற இடத்தில் ஆரம்பிக்கிறது. கண் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, வந்து சேருகிற இடத்தில் அதைச் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. பிசிஏ என்பது போஸ்டீரியர் கார்டிகல் அட்ராபி, மூளையின் பின்பக்க மேற்பரப்பு சுருங்குவது என்று அர்த்தம். 1988-ல் அமெரிக்காவில் பிராங்க் பென்சன் என்ற நரம்பியல் டாக்டரும் கூட இருந்தவர்களும் ஐந்து பேரைப் பற்றி எழுதியபோதுதான் இந்தப் பெயரே வந்தது. பெரும்பாலும் ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் ஆரம்பிக்கும், உங்கள் அம்மா வயதுதான். கண்ணாடி மாற்றுவதும் புரை எடுப்பதும் முடிந்த பிறகுதான் பலருக்கும் இது தெரிய வருகிறது, உங்கள் வீட்டில் மட்டும் அப்படி நடக்கவில்லை.

சொல்லலாமா என்று கேட்டதற்கு என் பதில், சொல்லுங்கள். இவர்களுக்குத் தனக்கு என்னவோ ஆகிறது என்பது முழுசாகத் தெரிகிறது, அதுதான் இதில் கொடுமை. என் மனைவி தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். டாக்டர் பெயர் சொன்ன அன்று அழுதாள், ஆனால் ராத்திரி "அப்ப நான் முட்டாளாகல" என்றாள். பயமும் மனச்சோர்வும் இதோடு கூடவே வரும், அதற்குத் தனியாக மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

---

சுடர்

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், நோயாளிகள் தினசரி வேலைகளைச் செய்ய வழி சொல்லித் தருகிறவள். வீட்டில் என்ன மாற்றலாம் என்று மட்டும் சொல்கிறேன், மருந்து விஷயம் உங்கள் டாக்டரிடம்.

முதலில் சாப்பாட்டுத் தட்டு. எவர்சில்வர் தட்டு வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுப் பளபளத்தால் அவர்களுக்கு உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. வெள்ளைத் தட்டில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தால் வெறும் தட்டாகத்தான் தெரியும். அடர்பச்சையோ நீலமோ ஒரே நிறத்தில், பூ இல்லாத, பளபளப்பு இல்லாத தட்டு வாங்குங்கள். வாழை இலை இன்னும் நல்லது, பச்சையில் சோறு பளிச்சென்று தெரியும். ஐந்து பதார்த்தத்தை ஒன்றாகப் பரிமாறாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்று, விளிம்பு உயர்ந்த கிண்ணத்தில். வைக்கும்போது அவர்கள் கையைப் பிடித்துக் கிண்ணத்தின் மேல் வைத்துவிடுங்கள். தொட்டால் உடனே புரியும், ஏனென்றால் தொடு உணர்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. "அதோ இருக்கே, பாருங்க" என்பதுதான் இந்த நோயில் மிகவும் உதவாத வார்த்தை.

தரை. கறுப்புக் கோடும் கறுப்பு மிதியடியும் அவர்களுக்குப் பள்ளமாகத் தெரியும். மிதியடிகளை எடுத்துவிடுங்கள், எப்படியும் தடுக்கும். பளபளக்கிற டைல்ஸ் ஈரமாகத் தெரியும். மொசைக்கை உடைக்க முடியாது, அந்த இடத்தில் நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "தரை சமமா இருக்கு, நடங்க" என்று சொன்னாலே போதும். படிகளின் ஓரத்தில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள், ஒவ்வொரு படியிலும், கடைசிப் படியில் கட்டாயம். கைப்பிடிச் சுவர் இல்லாத படி என்றால் அதற்குச் செலவு செய்யுங்கள், மற்ற எதற்கு இல்லாவிட்டாலும் இதற்கு.

குளியலறையில் வெள்ளை டைல்ஸ், வெள்ளை கமோட், வெள்ளை பக்கெட் என்று இருந்தால் எங்கே உட்காருவது என்றே தெரியாது. கமோட் சீட்டை மட்டும் அடர்நிறத்தில் மாற்றிப் பாருங்கள், நிறையப் பேருக்கு அன்றைக்கே வித்தியாசம் தெரிந்திருக்கிறது. ஆளுயரக் கண்ணாடி இருந்தால் மூடுங்கள், சிலர் அதில் யாரோ நிற்கிறார்கள் என்று பயப்படுவார்கள்.

உடுப்பு விஷயத்தில் உங்கள் அம்மா தையல்காரி என்பதால் மனசு நோகாமல் செய்ய வேண்டும். ரவிக்கை கொக்கியை எடுத்துவிட்டு வெல்க்ரோ வைக்கலாம், அதை வைக்கிற வேலையை உங்களுக்குச் சொல்லித் தரும்படி அம்மாவிடமே கேளுங்கள். ரவிக்கையை மேசையில் பரப்பி வைத்தால் புரியாது. கையை நுழைக்கும் விதமாக நீங்கள் விரித்துப் பிடித்து, வலது கையைத் தொட்டு "இந்தக் கை" என்று சொல்லுங்கள். "வலது", "இடது" என்ற வார்த்தைகளைத் தவிர்த்துவிடுங்கள், இந்த நோயில் வலது இடது குழம்பும். ரோட்டில் போகும்போதும் அப்படித்தான், "இடப்பக்கம் வாங்க" என்று சொல்வதைவிடத் தோளைத் தொட்டு "என் பக்கம் வாங்க" என்பது வேலை செய்யும்.

பூப்போட்ட படுக்கை விரிப்பு, கட்டம் போட்ட மேசைத்துணி எல்லாம் போகட்டும். பொருட்களுக்கு ஒரே இடம். சீப்பு எப்போதும் அதே டப்பாவில், டப்பா எப்போதும் அதே அலமாரியில். விருந்தாளி வந்து மாற்றி வைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அம்மாவுக்குக் கஷ்டம், அதனால் வருகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

வேலையே செய்ய விடாமல் உட்கார வைத்துவிடாதீர்கள். பச்சைப் பட்டாணி உரிக்க, சப்பாத்தி மாவு பிசைய, தேங்காய் நார் உரிக்க, இதெல்லாம் கையால் தெரிந்து செய்கிற வேலை. அடுப்பு மட்டும் தனியாக வேண்டாம். இண்டக்‌ஷன் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், அதில் தொடுகிற பட்டன் எங்கே என்று கையால் கண்டுபிடிக்க முடியாது, இவர்களுக்கு அது இன்னும் கஷ்டம்.

---

ரேவதி, சேலம்

பார்வையில் ஆரம்பிக்கிற டிமென்ஷியா பிசிஏ ஒன்றுதான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் அப்பாவுக்கு லூயி பாடி என்ற இன்னொரு வகை டிமென்ஷியா. அவருக்கு இல்லாதது தெரிந்தது. சாயங்காலம் ஆனால் திண்ணையில் ரெண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார், சட்டை நிறம் வரைக்கும் சொல்வார், பயமே கிடையாது, "அதுகளுக்குச் சோறு போட்டியா" என்று என்னைக் கேட்பார். கூடவே நடை மெதுவாகி, கை விறைத்து, ஒரு நாள் தெளிவு ஒரு நாள் மந்தம் என்று மாறி மாறி வந்தது. அதற்கெல்லாம் பல வருஷம் முன்னாலேயே தூக்கத்தில் கத்துவதும் உதைப்பதும் இருந்தது, அது இந்த நோயின் முன் அறிகுறியாக இருக்கலாம் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால் ஒரு மருந்து விஷயம். ஆள் இல்லாத இடத்தில் ஆள் தெரிகிறது என்றதும் சில இடங்களில் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். லூயி பாடி இருக்கிறவர்களுக்கு அது மோசமாகத் தாக்கும், உடம்பு கட்டையாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்பாவுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் அதைப் போட்டு, நடந்து போனவர் தூக்கிக்கொண்டு வரும் நிலைக்கு ஆனார். மலர், உங்கள் அம்மாவுக்கு அப்படி எதுவும் தெரிகிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், பிசிஏ அறிகுறிகளுக்கு அடியில் சிலருக்கு லூயி பாடி இருப்பதுண்டு. இருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

இன்னொன்று. எல்லாமே சில வாரங்களில் தடதடவென்று மோசமானால் இது மெதுவான வகை இல்லை, உடனே காட்ட வேண்டும். ஒரே நாளில் பாதிப் பார்வை போனால் அது பக்கவாதமாக இருக்கலாம், அதற்கு மணிக்கணக்கு கூடக் காத்திருக்கக் கூடாது.

---

சிவா, ஈஸ்ட் ஹாம்

நான் லண்டனில் இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். என்ர அம்மாவுக்கு இதே வருத்தம். இங்கே யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் அரிய வகை டிமென்ஷியா இருக்கிற குடும்பங்களுக்கு ஒரு ஆதரவுக் குழு நடத்துகினம், பிசிஏக்கு என்று தனியாகவே கூட்டம் வைப்பினம். அங்கே போன பிறகுதான் எனக்குப் பல விஷயம் விளங்கினது. எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டுக்கும் இதுதான், 2007 டிசம்பரில் அவர் வெளிப்படையாகச் சொன்னவர். தட்டச்சு செய்ய ஏலாமல் போக, வாயால் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டு 2015 வரைக்கும் இருந்தார். படிக்க ஏலாமல் போவது வேறு, யோசிக்க ஏலாமல் போவது வேறு எண்டதுக்கு அவரை விடச் சாட்சி வேண்டாம்.

எங்கட அம்மா தேவாரம் பாடுவா, புத்தகம் பார்த்துப் படிக்க ஏலாது, ஆனால் முதல் வரியை எடுத்துக் கொடுத்தால் மிச்சம் தானாக வரும். அதனால் வாசிப்பை விட்டுப்போட்டு முழுக்கக் கேட்பதுக்கு மாறினம். நேரம் சொல்லுற கடிகாரம் ஒன்று வாங்கினம், பட்டனை அமத்தினால் குரலில் மணி சொல்லும். முட்கள் உள்ள கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்ல ஏலாமல் அவ பட்ட பாடு அதோடு முடிஞ்சுது. போனில் தொடுதிரை வேண்டாம். பிள்ளைகள் எல்லாரும் வாட்ஸ்ஆப்பில் குரலாகத்தான் அனுப்புவினம், அதை வீட்டில் நிற்கிற ஆள் போட்டு விடுவினம்.

வெளியில் போகும்போது ஒரு வெள்ளைத் தடி கொடுங்கோ, தட்டி நடக்கிறதுக்கு இல்லை, மற்றவைக்குத் தெரியட்டும் எண்டு. கண் நேராகப் பார்க்குது, நடை நேராக இருக்குது, ஆனால் ஆள் மோதுறா எண்டால் சனம் கோபப்படும். தடியைக் கண்டால் விலகும்.

இன்னுமொன்று, சோதித்துப் பார்க்காதேங்கோ. "இது என்ன கலர், இது எத்தனை விரல்" என்று வாற ஆக்கள் எல்லாரும் கேட்பினம். ஆஸ்பத்திரியிலேயே ஐங்கோணத்தைப் பார்த்து வரை, மணிக்கூடு வரை என்றுதான் மறதிச் சோதனை வைக்கிறது, அதில் இவை தோற்றுப்போவினம், மூளை முழுக்கப் போட்டுது எண்டு எழுதிவிடுவினம். பார்வை தேவைப்படாத சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கோ.

---

தென்காசி மலர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொன்றையும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படித்தோம். "வேணும்னே" என்று சொன்ன சித்தியும் படித்தார். வாசன் சார், அம்மாவிடம் இன்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "கண்ணு இல்லாமப் போகலேல்ல?" என்று கேட்டாள், இல்லை என்றேன். ரேவதி அக்கா, கேட்டுப் பார்த்துவிட்டேன், ஆள் தெரிவது மாதிரி எதுவும் இல்லை என்கிறாள்.

சுடர், பச்சைத் தட்டு வேலை செய்கிறது. பச்சைச் சட்னியை மட்டும் இன்னும் தேடுகிறாள், நாளையிலிருந்து தக்காளிச் சட்னிதான்.

மெஷின் பற்றி யாரும் சொல்லவில்லையே. இன்னும் கஸ்டமர் துணி கொண்டு வருகிறார்கள், அம்மா வாங்கி வைத்துக்கொள்கிறாள். இன்னொரு பிரச்சினையும் வந்திருக்கிறது, பேங்க்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று செக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

---

சுடர்

மெஷினை விற்காதீர்கள், ஆனால் மோட்டார் வைத்திருந்தால் இணைப்பை எடுத்துவிடுங்கள். ஊசியும் கத்தரிக்கோலும் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. வருகிற துணிக்கு அளவும் வெட்டும் அம்மா வாயால் சொல்லட்டும், தைப்பது பக்கத்துத் தெருப் பெண் யாராவது. துணியை விரலால் உருட்டிப் பார்த்துக் காட்டனா, பாலியஸ்டரா, சாயம் போகுமா என்று அவர்கள் சொல்வது இன்னும் பல நாள் சரியாகவே இருக்கும். கஸ்டமரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், "அம்மாவுக்குப் பார்வையில் மூளை சம்பந்தமான நோய், இனிமேல் அவங்க மேற்பார்வை மட்டும்" என்று.

---

ராமன், ரிட்டயர்டு

நான் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன், அந்தக் கையெழுத்துப் பிரச்சினைக்கு மட்டும் சொல்கிறேன் மலர். இந்த நோயில் எழுத்தின் அமைப்பே குலைந்துவிடும், கையெழுத்து இனி பழைய மாதிரி வருவது கஷ்டம், போராட வேண்டாம். கையெழுத்துப் போட முடியாத நோயாளி வாடிக்கையாளருக்குக் கைநாட்டு வைக்க ரிசர்வ் வங்கி விதியிலேயே இடம் இருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் சொல்ல வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். டாக்டர் சான்றிதழோடு மேனேஜரை நேரில் பாருங்கள், கவுண்டரில் கேட்டால் சுற்றி விடுவார்கள்.

அதைவிட முக்கியம், இப்போது அம்மாவுக்கு யோசனை தெளிவாக இருக்கிறது. இந்தத் தெளிவு இருக்கும்போதே கணக்கை "இருவரில் யாரேனும் ஒருவர்" என்ற முறையில் உங்கள் பெயரையோ அப்பா பெயரையோ சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், நாமினி எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள், உயில் எழுத விருப்பம் இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போய்விட்டால் நம் ஊர்ச் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது, எனவே அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பத்திரங்களை அம்மாவால் படிக்க முடியாது என்பதால் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக் காட்டி, புரிந்துகொண்டார் என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி அதோடு இணைத்து வையுங்கள், நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் உதவும். தென்காசியில் எந்தக் கிளைக்குப் போக வேண்டும், என்னென்ன காகிதம் வேண்டும் என்று சந்தேகம் இருந்தால் தனிச் செய்தியில் கேளுங்கள். வயதானவர்களுக்கான அரசு உதவி எண் 14567-ம் இருக்கிறது, இலவசம்தான், 60 நிறைந்ததும் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.